கண்ணுக்கு ஏற்ற படம்: ஏ.ஆர். கண்ணாடியும் பவர் கேள்வியும்

2024 பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் அமெரிக்காவில் விஷன் புரோ என்ற தலைக்கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை 3,499 டாலர். மூக்குக்கண்ணாடி அணிபவர் அதன்மேல் இதை மாட்டிக்கொள்ள முடியாது. உள்ளே அதற்கு இடமில்லை. ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் செய்து தரும் தனி லென்ஸ்களை வாங்கி, காந்தப் பிடிப்பால் உள்ளே பொருத்திக்கொள்ள வேண்டும். படிப்பதற்கான பவர் மட்டும் போதுமென்றால் 99 டாலர். மருத்துவர் எழுதித் தந்த பவர் என்றால் 149 டாலர். அந்த லென்ஸ் துணைச் சாமான்களின் வரிசையில் விற்கப்பட்டது.

கண்முன்னே படம் காட்டும் கருவிகளின் பாதிக் கேள்வி அந்தத் துணைச் சாமானில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை பற்றிய உலக அறிக்கையின்படி, கிட்டத்திலோ தூரத்திலோ பார்வைக் குறையுள்ளவர்கள் குறைந்தது 220 கோடிப் பேர். வெள்ளெழுத்து வந்தும் அதற்குக் கண்ணாடி கிடைக்காமல் இருப்பவர்கள் மட்டுமே 82.6 கோடி. குறையில்லாத கண்ணை மனத்தில் வைத்து ஒரு கருவியைச் செய்துவிட்டு, மற்றவர்களுக்குப் பிறகு லென்ஸ் ஒட்டித் தருவது இந்தக் கணக்குக்கு முன்னால் நிற்காது.

காண்கிற உலகத்தின் மேல் கணினிப் படத்தைப் படியவைக்கும் முயற்சி புதிதல்ல. ஐவன் சதர்லேண்ட் 1968இல் செய்த தலைக்கருவி கூரையிலிருந்து தொங்கியது. அதை மாட்டிக்கொண்டவர் அறையையும் பார்த்தார், அறைக்குள் மிதந்த கோட்டுருவப் படத்தையும் பார்த்தார். 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் விமானக் கம்பி இணைப்பு வேலைக்காக டாம் காடெல், டேவிட் மைசெல் இருவரும் இதே யோசனையை எடுத்தபோதுதான் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. சுருக்கம் ஏ.ஆர்.; தமிழில் மிகை மெய்ம்மை என்கிறார்கள். பிறகு வந்த முப்பது ஆண்டுகளில் திரை சிறிதாயிற்று, சில்லு வேகமாயிற்று, காட்சியின் அகலம் கூடியது. பார்க்கிற கண்ணைப் பற்றிய அக்கறை மட்டும் பின்தங்கியே வந்தது.

சிக்கல் எங்கே என்று தெரிய, ஒளி போகும் வழியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். கண்ணிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தொலைவில் இருக்கும் எதையும் மனிதக் கண்ணால் தெளிவாகப் பார்க்க முடியாது. ஆகவே கருவிக்குள் உள்ள ஒளியியல் அமைப்பு, படம் எங்கோ தள்ளி இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. பல ஏ.ஆர். கண்ணாடிகளில் படம் ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டுக்குள் நுழைந்து, உள்ளேயே பட்டுத் தெறித்துப் பயணித்து, கண்ணுக்கு நேரே வெளியேறுகிறது. வெளியேறும் கதிர்கள் இணையாக இருப்பதால் அது வெகு தூரத்துப் படமாகத் தெரியும். அதை 2 மீட்டருக்கு இழுத்துவர, கண் பக்கம் மைனஸ் 0.5 டயாப்டர் பவருள்ள லென்ஸ் ஒன்றை வைக்கிறார்கள். வைத்தவுடன் வெளியுலகமும் அதே லென்ஸ் வழியாகத் தெரியத் தொடங்கும். அந்தப் பாதிப்பை ஈடுகட்ட, தகட்டின் வெளிப்பக்கம் பிளஸ் 0.5 லென்ஸ் ஒன்று. வெளியுலக ஒளி இரண்டையும் கடப்பதால் மாற்றம் ஏதுமில்லை. படத்தின் ஒளி உள் லென்ஸை மட்டும் கடப்பதால் 2 மீட்டருக்கு வந்துவிடுகிறது.

மைனஸ் 4 கிட்டப்பார்வை உள்ளவர் இதை அணிகிறார் என்று வைத்துக்கொள்வோம். உள் லென்ஸை மைனஸ் 4.5 ஆக்கினால் போதும். உலகமும் படமும் ஒருங்கே தெளியும். சிலிண்டர் பவர் உள்ளவருக்கு, அச்சுக் கோணம் பிசகாமல் அதையும் அந்த லென்ஸிலேயே சேர்த்துவிடலாம். ஆக, எளிய கிட்டப்பார்வைக்கு விடை கையில் இருக்கிறது. தடை எடையிலும் தடிமனிலும்தான் வருகிறது. மைனஸ் பவர் கூடக்கூட லென்ஸின் ஓரம் தடிக்கும். அதோடு தகடு, மின்கலம், ஒலிபெருக்கி எல்லாம் ஒரே பிரேமில் அடங்க வேண்டும். 2025இல் மெட்டா கொண்டுவந்த ரே-பேன் டிஸ்ப்ளே கண்ணாடி மைனஸ் 4 முதல் பிளஸ் 4 வரையான பவரை மட்டுமே ஏற்கிறது. மைனஸ் 6 உள்ள மாணவருக்கு அதில் இடமில்லை. கண்ணாடி இல்லாமல் ஒருநாளும் ஓட்ட முடியாதவர் அவர்தான்.

விட்யூர், ரோகிட் போன்ற நிறுவனங்கள் வேறு வழி பிடித்தன. பிரேமிலேயே ஒரு திருகு; திருகினால் படம் தெளியும். விட்யூரில் மைனஸ் 5 வரை, ரோகிட் மேக்ஸில் மைனஸ் 6 வரை. படுத்துக்கொண்டு சினிமா பார்க்க அருமையான ஏற்பாடு. ஆனால் திருகு சரிசெய்வது படத்தை மட்டும். அதைத் தாண்டித் தெரியும் அறையும் முகங்களும் மங்கலாகவே இருக்கும். சிலிண்டர் பவரையும் அது தொடாது. உலகத்தின் மேல் படத்தைப் படியவைப்பதாகச் சொல்லும் கருவிக்கு உலகத்தையும் தெளிவாகக் காட்டும் கடமை உண்டு. ஒரு கருவி கண்ணுக்குத் தக்கபடி மாறுகிறது என்று யாராவது சொன்னால், படம் மட்டும் மாறுகிறதா, உலகமும் சேர்ந்து மாறுகிறதா என்பதே நான் கேட்கும் முதல் கேள்வி.

வெள்ளெழுத்து வந்தவரின் கதை இதைவிடச் சுவையானது. பத்து வயதுக் குழந்தையின் விழிலென்ஸ் 10 செ.மீ.க்குள் இருக்கும் எழுத்தையும் குவியப்படுத்தும். நாற்பதைக் கடந்தால் அந்த நெகிழ்வு குறைகிறது. அறுபதை நெருங்கும்போது சுமார் 1 டயாப்டரே மிஞ்சும். இவருக்கு ஏ.ஆர். கண்ணாடி ஒரு வகையில் வரப்பிரசாதம். கைபேசியைக் கையை நீட்டிப் பிடித்துத் தடுமாறுபவர், 2 மீட்டரில் மிதக்கும் அதே குறுஞ்செய்தியைப் படிப்புக் கண்ணாடி இல்லாமல் படித்துவிடுவார். வேலை கைக்கு வந்ததும் நிலைமை மாறுகிறது. முடுக்க வேண்டிய திருகாணி 40 செ.மீ.யில் இருக்கிறது, அதைச் சுட்டும் அம்புக்குறி ஒளியியல்படி 2 மீட்டரில் இருக்கிறது. அம்பு தெளிவாகத் தெரிந்தால் திருகாணி மங்கும். படிப்புப் பவரை மாட்டினால் திருகாணி தெளியும், அம்பு மங்கும்.

இளையவர்களுக்கும் இங்கே ஒரு தொல்லை உண்டு. ஒரு பொருள் அருகில் இருந்தால் இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன, விழிலென்ஸும் அதே தொலைவுக்குக் குவிகிறது. இவ்விரு செயல்களும் இயல்பாகவே கைகோத்தவை. முப்பரிமாணத் திரையோ கண்களை அருகே திருப்பச் சொல்லி, லென்ஸை மட்டும் 2 மீட்டரிலேயே இருக்கச் சொல்கிறது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் பேங்க்ஸ் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வு, இந்த முரண் கண்சோர்வை உண்டாக்குவதையும் காட்சித் திறனைக் குறைப்பதையும் சோதனையில் காட்டியது. மைக்ரோசாஃப்டின் ஏ.ஆர். தலைக்கருவியான ஹோலோலென்ஸ் இதை மீற முடியாமல் ஒதுங்கிக்கொண்டது: படத்தை 2 மீட்டர் வாக்கில் வையுங்கள், 40 செ.மீ.க்கு நெருங்கினால் மங்கவைத்து மறையுங்கள் என்று செயலி எழுதுவோருக்கு அறிவுரை தந்தது. கை எட்டும் தூரம்தான் மனிதன் வேலை செய்யும் தூரம். அந்த இடத்தையே காலியாக விடச் சொன்னது அந்தக் கருவியின் பெரிய குறை.

படத்தின் தொலைவை ஓரிடத்தில் நிறுத்தாமல், கண் பார்க்கும் இடத்துக்கேற்ப நகர்த்தலாமா என்பது அடுத்த கட்டம். மேஜிக் லீப் நிறுவனம் 2018இல் விற்ற முதல் கருவியில் இரண்டு தளங்கள் இருந்தன, அருகில் ஒன்று, தள்ளி ஒன்று. ஃபேஸ்புக்கின் ஆய்வகம் டக்ளஸ் லான்மன் தலைமையில் செய்த ஹாஃப் டோம் என்ற மாதிரிக் கருவிகள் மெய்நிகர் உலகத்துக்கானவை. முதல் மாதிரி திரையையே முன்னும் பின்னும் நகர்த்தியது. மூன்றாவது மாதிரியில் அசையும் உறுப்பே கிடையாது. திரவப்படிக லென்ஸ்கள் ஆறு. ஒவ்வொன்றுக்கும் இரண்டே நிலை. ஆறையும் மாற்றி மாற்றிச் சேர்த்தால் 64 தொலைவுகள் கிடைக்கின்றன. அழகான தீர்வு. கடைக்கு மட்டும் அது வரவில்லை.

கண்ணாடி அணிபவரைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான வேலை என்று நான் கருதுவது வட கரோலினா பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தில் நடந்தது. பிரனீத் சக்ரவர்த்துலா, டேவிட் டன், கான் அக்ஷித், ஹென்றி ஃபுக்ஸ் நால்வரும் 2018இல் முன்வைத்த கண்ணாடியில் குவியம் மாறும் உறுப்புகள் இரண்டு உண்டு: ஒன்று கணினிப் படத்துக்கு, மற்றது வெளியுலகத்துக்கு. அணிந்தவரின் பவரும் அவர் பார்க்கும் தொலைவும் தெரிந்தால், திருகாணியும் அம்பும் சேர்ந்தே தெளியும். மாதிரிக் கருவி பார்க்கப் பெரிதாக, கரடுமுரடாக இருந்தது. கேள்வியை வகுத்த விதம் மட்டும் சரியாக இருந்தது. மறு ஆண்டு ஸ்டான்ஃபோர்டில் நிதீஷ் பத்மநாபன், ராபர்ட் கோன்ராட், கோர்டன் வெட்ஸ்டீன் மூவரும் படத்தை விட்டுவிட்டு வெளியுலகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். கண் எங்கே பார்க்கிறது என்று ஒரு கேமரா பார்க்கும். அந்த இடம் எவ்வளவு தூரம் என்று இன்னொரு கேமரா அளக்கும். திரவ லென்ஸ் அதற்கேற்பத் தன் வளைவை மாற்றிக்கொள்ளும். வெள்ளெழுத்து உள்ள 56 பேரிடம் சோதித்தார்கள். பைஃபோகலிலும் புரோகிரசிவிலும் தலையைத் தூக்கியும் தாழ்த்தியும் சரியான பட்டையைத் தேடும் பாடு இதில் இல்லை.

இதே ஸ்டான்ஃபோர்டு குழு 2017இல் கண்ட ஒன்று எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. குவியத் தொலைவைப் பார்வைக்கேற்ப மாற்றுவது இளையவருக்கு நன்மை தருகிறது. விழிலென்ஸ் இறுகிவிட்ட மூத்தவருக்கோ, அந்த மாற்றம் உதவுவதில்லை. படம் அவர் கண்ணுக்குத் தெளிவான ஒரே தொலைவில் நிலையாக இருப்பதே நல்லது. ஒரு வீட்டுக்குள் தாத்தாவுக்கும் பேத்திக்கும் ஒரே கருவி இரண்டு விதமாக நடந்துகொள்ள வேண்டும் என்று இதற்குப் பொருள். கண்ணின் வயதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளாத கருவிக்குப் பவர் மட்டும் தெரிந்து பயனில்லை.

குவியப் பிரச்சினையை அடியோடு சுற்றிப்போகும் வழியும் ஒன்று உண்டு. கண் மருத்துவமனையில் சிறு துளையுள்ள கருப்பு வட்டத்தைக் கண்முன் பிடித்து எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். பவர் இல்லாமலே எழுத்து தெளியும். மெல்லிய கதிராகக் கண்பாவைக்குள் நுழையும் ஒளிக்கு விழிலென்ஸின் உதவி அதிகம் வேண்டாம். இந்தத் தத்துவத்தில் லேசர் கதிரை நேரே விழித்திரையில் வரையும் முயற்சி 1990களில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டாம் ஃபர்னஸ் ஆய்வகத்தில் நடந்தது. ஜப்பானின் கியூடி லேசர் நிறுவனம் அதைக் கண்ணாடியாக்கியது. கருவிழி ஒழுங்கற்று வளைந்து, சாதாரண லென்ஸால் திருத்த முடியாதவர்களுக்கான அதன் கருவி 2020இல் ஜப்பானில் மருத்துவக் கருவியாக ஒப்புதல் பெற்றது. விலை ஒருபுறமிருக்க, கதிர் மெல்லியதாக இருப்பதே இதன் பலவீனமும்கூட. கண் சற்றே உருண்டாலும் கதிர் கண்பாவையைத் தவறவிடும், படம் சட்டென்று மறையும்.

இன்னொரு வழி கணக்கு வழி. கண் எப்படி மங்கலாக்கும் என்று முன்பே தெரிந்தால், படத்தை அதற்கு எதிர்மாறாகத் திருத்தி அனுப்பலாம். சாதாரணத் திரையில் இதைச் செய்தால் படம் வெளிறிப்போகிறது. 2014இல் பெர்க்லியும் எம்.ஐ.டி.யும் சேர்ந்து, திரைமேல் நுண்துளைத் தகடு வைத்துக் கதிர்களின் திசையையும் கட்டுப்படுத்தி, கண்ணாடியில்லாமல் பார்க்கும் திரையைச் செய்துகாட்டின. அந்தக் குழுவில் இருந்தவர் நாசிக்கில் பிறந்த ரமேஷ் ரஸ்கர். கைபேசித் திரையில் ஒரு சிறு பொருத்தியை வைத்துக் கண் பவரை அளக்கும் நெட்ரா கருவியும் 2010இல் அவர் குழுவில் உருவானதுதான். அளக்கும் கருவியும் காட்டும் கருவியும் ஒரே கூரையின் கீழ் பிறந்தது தற்செயல் அல்ல. இரண்டும் ஒரே ஒளியியலை முன்னும் பின்னுமாக நடத்துபவை.

இதுவரை சொன்னதெல்லாம் லென்ஸால் திருத்தக்கூடிய கண்ணைப் பற்றி. விழித்திரையே பழுதுபட்டவருக்கு எந்தப் பவரும் உதவாது. ஏ.ஆர். கண்ணாடி தன் தகுதியை நிரூபிக்க வேண்டிய களம் இதுதான் என்பேன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் நாசாவும் 1990களிலேயே குறைபார்வையாளருக்காகக் கேமராவும் திரையும் உள்ள தலைக்கருவியை உருவாக்கின. அது பெரிதாக்கும், நிறவேறுபாட்டைக் கூட்டும். கனடாவின் ஈசைட் நிறுவனம் 2013இல் அதே யோசனையை இலகுவான கண்ணாடியாக்கியது. 2017இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு சுமார் 10,000 டாலர்.

பாஸ்டனில் ஷெப்பன்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தில் எலி பெலி செய்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். குளுக்கோமாவிலோ விழித்திரை நிறமிச் சிதைவிலோ பக்கப் பார்வை போய், நடுவில் ஒரு குறுகிய வட்டம் மட்டும் மிஞ்சியவர்கள் இருக்கிறார்கள். எழுத்தைப் படிப்பார்கள், பக்கத்தில் வரும் சைக்கிள் தெரியாது. இவர்களுக்குப் படத்தைப் பெரிதாக்கினால் கேடுதான், வட்டத்துக்குள் இன்னும் குறைவாகவே அடங்கும். பெலி எதிர்த்திசையில் போனார். கேமரா பிடித்த அகலக் காட்சியிலிருந்து பொருள்களின் வெளிக்கோடுகளை மட்டும் பிரித்து, அவற்றைச் சிறிதாக்கி, மிஞ்சிய வட்டத்துக்குள் வெண்கோடுகளாகப் படியவைத்தார். நேரே இருப்பதை இயல்பான கண்ணால் பார்க்கலாம். அதன்மேல் மெல்லிய கோடுகளாகச் சுற்றுப்புறம் முழுவதும் தெரியும். பக்கத்தில் ஏதோ அசைகிறது என்று கோடு சொன்னதும் தலையைத் திருப்பிக்கொள்ளலாம். நோயாளியிடம் மிஞ்சியிருப்பதை மறைக்காமல் இழந்ததை மட்டும் சேர்ப்பது என்ற இந்த நெறி, இத்துறையில் நான் அறிந்தவற்றுள் மிகவும் மரியாதையான சிந்தனை.

கார்னெல் டெக்கில் யூஹாங் ஜாவோ, ஷிரி அஸென்கோட் இருவரும் எடுத்துக்கொண்டது படிக்கட்டு. குறைபார்வையாளருக்கு ஒரே நிறப் படிகள் ஒரு சரிவான தரைபோலத் தெரியும். முதல் படியும் கடைசிப் படியும்தான் ஆளை விழத்தட்டுபவை. 2019இல் அவர்கள் ஹோலோலென்ஸ் வழியாகவும், கையில் பிடிக்கும் படவீழ்த்தி வழியாகவும் படி விளிம்புகளைச் சுட்டிக்காட்டினார்கள். படவீழ்த்தியோடு நடந்தவர்களின் வேகம் கூடியது. கண்ணாடியில் வேகம் அப்படிக் கூடவில்லை. இரண்டிலுமே பயம் குறைந்ததாகப் பங்கேற்றவர்கள் சொன்னார்கள். கண்ணாடியின் குறுகிய காட்சிப் பரப்பில் காலடி அடங்குவதே கடினம். இன்னொரு தடையும் உண்டு: ஒளி ஊடுருவும் ஏ.ஆர். கண்ணாடி வெளியுலகத்தின் மேல் ஒளியைக் கூட்டத்தான் முடியும், குறைக்க முடியாது. அதனால் கருப்பைக் காட்ட அதற்குத் தெரியாது; உச்சி வெயிலில் அதன் கோடுகள் கரைந்துவிடும். கூச்ச ஒளியால் துன்பப்படுபவருக்கு வேண்டியது இருட்டடிப்பு. அது இந்தக் கண்ணாடிகளிடம் இன்னும் போதிய அளவில் இல்லை.

நிறக்குருடு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு பச்சைக் குழப்பம் உண்டு. கூகுள் கிளாஸில் குழப்பமான நிறங்களை மட்டும் மாற்றிக்காட்டும் முயற்சி 2014இல் சான் டியாகோவில் நடந்தது. கணக்கு எளிது, படமும் உலகமும் அணுவளவும் விலகாமல் பொருந்துவதுதான் கடினம்.

பொருத்தம் என்ற சொல் இங்கே ஒளியியலைத் தாண்டியும் செல்கிறது. இரு கண்பாவைகளுக்கு இடையிலான தூரம், மூக்குத்தண்டின் உயரம், காதின் தாழ்வு என எது மாறினாலும் படம் வந்து விழும் இடம் மாறும். கனடாவின் நார்த் நிறுவனம் 2019இல் விற்ற ஃபோக்கல்ஸ் கண்ணாடிக்குத் தொடக்கத்தில் கடைக்கே போய் முகத்தை அளந்துகொள்ள வேண்டியிருந்தது. முறை சரியானதுதான். 2020இல் கூகுள் அந்நிறுவனத்தை வாங்கியது. விற்ற கண்ணாடிகளின் இணையச் சேவை ஜூலை 31க்குப் பிறகு நின்றது, பணம் திருப்பித் தரப்பட்டது. முகத்துக்கும் பவருக்கும் அளவெடுத்துச் செய்த ஒன்று ஒரு நிறுவன விற்பனையால் வெறும் பிரேமானது. கூகுள் கிளாஸின் தொழிற்பதிப்பு 2023இல் நின்றது, ஹோலோலென்ஸ் 2இன் தயாரிப்பு 2024இல் நின்றது. இவற்றைவிடக் கொடியது கலிபோர்னியாவின் செகண்ட் சைட் நிறுவனம் விழித்திரையில் பதித்த ஆர்கஸ் 2. கண்ணாடியில் உள்ள கேமரா படம் பிடிக்க, கண்ணுக்குள் உள்ள மின்முனைகள் ஒளிப்புள்ளிகளாக அதை உணர்த்தும். 2019இல் நிறுவனம் அதைக் கைவிட்டது. பழுதானால் பார்க்க ஆளில்லாத கருவி நோயாளிகளின் கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. கண்ணோடு சேரும் பொருளுக்கு, மின்கலம் செத்தாலும் சேவை நின்றாலும் அது சாதாரணப் பவர் கண்ணாடியாகவாவது உதவ வேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டமே விதிக்க வேண்டும்.

கருவியே பவரை அளந்து தன்னை மாற்றிக்கொள்ளும் என்ற வாக்குறுதியிலும் ஒரு கவனம் தேவை. இரத்தச் சர்க்கரை ஏறி இறங்கினால் பவரும் சில நாள்களுக்கு மாறும். கருவி அதைச் சத்தமில்லாமல் சரிசெய்து கொண்டே போனால், தன் பார்வை மாறுவதையே அணிந்தவர் உணரமாட்டார். கண் பரிசோதனைக்குப் போகும்போது பவரோடு கண்ணழுத்தமும் விழித்திரையும் பார்க்கப்படுகின்றன. குளுக்கோமா வலியில்லாமல் வளர்கிறது, பெரும்பாலும் அப்படிப் போன இடத்தில்தான் அகப்படுகிறது. மாற்றத்தை மறைக்கும் கருவி வேண்டாம். மாற்றத்தைக் குறித்துவைத்து மருத்துவரிடம் போகச் சொல்லும் கருவி வேண்டும். அந்தக் குறிப்பு யாருக்குச் சொந்தம் என்பதும் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். கண் எதில் எத்தனை நொடி நின்றது என்பது விளம்பரக்காரர்களுக்குப் பொன். விஷன் புரோவில் பார்வைத் தடத்தைச் செயலிகளுக்குத் தருவதில்லை என்று ஆப்பிள் அறிவித்திருக்கிறது. எல்லா நிறுவனமும் தானாக அப்படிச் செய்யும் என்று நம்பக் காரணம் எதுவும் இல்லை.

கடைசியாக விலை. அசாமில் நாற்பதைக் கடந்த தேயிலைத் தொழிலாளர் 751 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. மலிவான படிப்புக் கண்ணாடி பெற்றவர்களின் வேலைத்திறன், பெறாதவர்களைவிட 21.7 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. எந்தச் சில்லும் இல்லாத கண்ணாடி செய்த வேலை அது. ஆயிரக்கணக்கான டாலர் கருவிகளை எடைபோட இதுவே என் அளவுகோல்.

விலை இறங்காது என்று சொல்லவும் வரலாறு இடம் தரவில்லை. கண்புரை அறுவையில் வைக்கும் உள்விழி லென்ஸ் இறக்குமதிச் சரக்காக, ஏழைக்கு எட்டாததாக இருந்தது. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையோடு ஆரோலேப் அதைச் சொந்தமாகச் செய்யத் தொடங்கியது. சில டாலருக்கு வந்த அந்த லென்ஸ் இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. ஏ.ஆர். கண்ணாடியில் அப்படிப் பிரித்தெடுக்கக்கூடிய உறுப்பு உள் லென்ஸ்தான். அதன் விளிம்பு அளவையும் பூட்டும் முறையையும் எல்லா நிறுவனங்களும் ஒன்றாக வைத்தால், எந்த ஊர்க் கண்ணாடிக் கடையிலும் அதை அறுத்துத் தேய்த்து மாட்டித் தர முடியும். இப்போதோ ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு காந்தம், ஒரு கொக்கி, ஒரு தனி ஒப்பந்தக்காரர்.